பக்கத்து வீட்டை விட்டுவிட்டு உங்கள் கதவை மட்டும் ஏன் தட்டுகிறார்கள்?

கோலாலம்பூரின் செந்தூல் அடுக்குமாடி ஒன்றில் மாலை நேரம். கழுத்தில் அடையாள அட்டையும் கையில் டேப்லெட்டுமாக ஒருவர் வந்து நிற்கிறார். வீட்டில் எத்தனை பேர், யார் யார் வேலைக்குப் போகிறார்கள், சம்பளம் எவ்வளவு, போன மாதம் மளிகைக்கு எவ்வளவு ஆனது என்று வரிசையாகக் கேட்டுப் பதிந்துகொள்கிறார். அவர் போன பிறகு எதிர்வீட்டில் விசாரித்தால், "எங்க வீட்டுக்கு யாரும் வரலையே அண்ணி, ஏமாத்து வேலையா இருக்கப் போகுது" என்று பதில் வருகிறது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஆளுக்கொரு விளக்கம். சென்சஸ் என்கிறார் ஒருவர். அரசு உதவித்தொகைக்கான 'பாடு' தரவுத்தளப் பதிவு என்கிறார் இன்னொருவர். வருமான வரிக்காரர்கள் ஆள் அனுப்புகிறார்கள் என்கிறார் மற்றொருவர்.

பெரும்பாலும் இம்மூன்றும் இல்லை. இப்படி வருவது மாதிரிக் கணக்கெடுப்பு. அது மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தோளில் ஏறி நிற்பது. இரண்டுக்கும் உள்ள உறவு புரிந்தால்தான் எதிர்வீட்டை விட்டுவிட்டு இந்த வீட்டுக்கு மட்டும் ஏன் வந்தார்கள் என்பது புரியும். மலேசியாவில் இந்தியர் 6.7 விழுக்காடு என்ற எண்ணை எப்படிப் படிக்க வேண்டும் என்பதும் அப்போதுதான் விளங்கும்.

எல்லாரையும் எண்ணுவது, சிலரைக் கேட்பது

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு என்றால் நாட்டில் வசிக்கும் ஒவ்வொருவரையும் ஒருவர் விடாமல் எண்ணுவது. மலேசியா உருவான பிறகு 1970, 1980, 1991, 2000, 2010, 2020 என ஆறு முறை நடந்திருக்கிறது. நடத்துவது மலேசியப் புள்ளிவிவரத் துறை. 1960ஆம் ஆண்டின் கணக்கெடுப்புச் சட்டம் அதற்கு அதிகாரம் தருகிறது. ஆட்களோடு வீடுகளும் கணக்கில் சேரும் என்பதால் இதன் முழுப் பெயர் மக்கள்தொகை மற்றும் வீடமைப்புக் கணக்கெடுப்பு.

மாதிரிக் கணக்கெடுப்பில் ஒரு பகுதி வீடுகளை மட்டும் தேர்ந்தெடுத்து, அவற்றின் பதில்களிலிருந்து நாடு முழுவதற்குமான மதிப்பீட்டைப் பெறுகிறார்கள். வேலையில்லாதோர் விகிதம் இப்படித்தான் வருகிறது. 2022இல் மலேசியக் குடும்பங்களின் இடைநிலை மாத வருமானம் 6,338 ரிங்கிட் என்று வந்த செய்தியும் அப்படிப்பட்டதுதான். எல்லாக் குடும்பங்களையும் வருமான வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானமே இடைநிலை வருமானம். அந்த எண்ணுக்காக நாட்டிலுள்ள எல்லா வீடுகளிலும் போய்க் கேட்கவில்லை.

யாரை, எங்கே, எந்த நாளில் எண்ணுவது

முழுக் கணக்கெடுப்பு என்பது கேட்பதற்கு எளிது. ஆனால் எண்ணத் தொடங்கும் முன்பே நான்கு கேள்விகளுக்கு விடை வேண்டும்.

1. எந்த நாள்? 2020 கணக்கெடுப்பின் நாள் ஜூலை 7. கணக்கெடுப்பாளர் 2021 மார்ச்சில் வந்து கதவைத் தட்டியிருந்தாலும், அவருக்குத் தேவை 2020 ஜூலை 7இல் அந்த வீட்டின் நிலைமை. ஜூலை 8இல் பிறந்த குழந்தை கணக்கில் வராது. ஜூலை 9இல் காலமான தாத்தா வருவார். கேட்க மனம் கனத்தாலும் இதில் விட்டுக்கொடுக்க முடியாது. நாள் மாறினால் ஒருவர் இரண்டு இடத்தில் எண்ணப்படுவார், அல்லது எங்குமே எண்ணப்படமாட்டார்.

2. எந்த இடம்? 1970, 1980 கணக்கெடுப்புகளில் அந்த நாளில் ஒருவர் எங்கே இருந்தாரோ அங்கேயே எண்ணினார்கள். 1991 முதல் வழக்கமாக வசிக்கும் இடமே கணக்கு. ஆண்டில் ஆறு மாதமோ அதற்கு மேலோ எங்கே தங்குகிறார், அல்லது தங்கப்போகிறார் என்பதுதான் அளவுகோல். தாப்பாவில் பெற்றோர், பிரிக்பீல்ட்ஸில் அறை எடுத்துத் தங்கி வேலை செய்யும் மகன் என்றால், அவர் கோலாலம்பூரில் எண்ணப்பட வேண்டியவர். அம்மா பாசத்தில் அவர் பெயரையும் தாப்பா வீட்டில் சேர்த்துச் சொல்லிவிட்டால் அவர் இருமுறை எண்ணப்பட்டுவிடலாம். சுங்கை பட்டாணியில் வீடு, பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை என்று தினமும் போய்வருபவர் கெடா கணக்கில் வருவார், பினாங்குக் கணக்கில் வரமாட்டார்.

3. எது ஒரு வீடு? தனி வாசலோடு பிறர் இடத்துக்குள் நுழையாமல் போய்வரக்கூடியதாக, தனித்து அமைந்த இடம் ஒரு வசிப்பிடம். அதில் சேர்ந்து வாழ்ந்து, சாப்பாட்டுக்கும் மற்ற தேவைகளுக்கும் பொதுவாகச் செலவு செய்பவர்கள் ஒரு குடும்பம். இரத்த உறவு கட்டாயமில்லை. ஒரே உலையில் சோறு வைத்துச் சாப்பிடும் நான்கு நண்பர்கள் கணக்கெடுப்பின் கண்ணுக்கு ஒரே குடும்பம்தான்.

4. யார் எந்தப் பகுதியைப் பார்ப்பது? நாடு முழுவதையும் சிறு சிறு கணக்கெடுப்பு வட்டங்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒரு வட்டத்தில் சராசரியாக 80 முதல் 120 வசிப்பிடங்கள் இருக்கும், ஏறத்தாழ 600 பேர் வசிப்பார்கள். சாலை, ஆறு, ரயில் பாதை போலக் கண்ணுக்குத் தெரியும் எல்லைகளால் வட்டம் வரையப்படும். மாவட்டம், அதன் உட்பிரிவான முக்கிம், ஊராட்சி மன்றம் ஆகியவற்றின் அரசிதழ் எல்லைகளை அது தாண்டாது.

வரைபடத்தில் எல்லாம் தெளிவாகத்தான் இருக்கிறது. பழைய கடைவீட்டு வரிசைக்குப் போனால் நிலைமை வேறு. கீழே துணிக்கடை. பக்கவாட்டில் ஒடுங்கிய மரப்படி. மேலே போனால் பலகைத் தடுப்பு போட்ட ஐந்து அறைகள், வாசலில் பத்துப் பன்னிரண்டு ஜோடிச் செருப்பு, மூலையில் ஒரே அடுப்பு. அங்கே தங்கியிருப்பவர்கள் உணவகத்திலும் முடிதிருத்தும் நிலையத்திலும் வேலை செய்பவர்கள். காலை பத்து மணிக்கு இறங்கினால் நள்ளிரவுக்கு மேல்தான் திரும்புவார்கள். கீழ்க்கடைக்காரரிடம் கேட்டால், "மேல ஸ்டோர்தான்" என்று சொல்லிவிடக்கூடும். அந்த ஒரு வார்த்தையில் பத்துப் பேர் காணாமல் போய்விடுவார்கள்.

2020இல் நடந்தது என்ன

அந்த முறை முதலில் இணையம் வழி மக்களே பதில் கொடுக்க வழி திறந்தார்கள். பதில் தராத வீடுகளுக்கு நேரில் போவது 2020 அக்டோபரில் என்று திட்டம். பெருந்தொற்று குறுக்கே வந்தது. நேரடிச் சுற்று 2021 ஜனவரி 20இல்தான் தொடங்க முடிந்தது. அதற்கு ஒரு வாரம் முன்புதான் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை மீண்டும் அமலுக்கு வந்திருந்தது. அந்நியர் யாரையும் வீட்டுக்குள் விடாதே என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், முகக்கவசத்தோடு ஒவ்வொரு கதவாகத் தட்டிய கணக்கெடுப்பாளர்களின் உழைப்பை நாம் போதுமான அளவு பேசவில்லை.

முடிவுகள் 2022 பிப்ரவரியில் வெளிவந்தன. மொத்த மக்கள்தொகை 3 கோடியே 24 லட்சம். 2010இல் அது 2 கோடியே 83 லட்சமாக இருந்தது. கோலாலம்பூரில் 19 லட்சத்து 82 ஆயிரம் பேர், பினாங்கில் 17 லட்சத்து 40 ஆயிரம் பேர். நெருக்கத்தைப் பார்த்தால் கோலாலம்பூரில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 8,157 பேர், பினாங்கில் 1,659 பேர். சிலாங்கூரில் குடியிருந்து கோலாலம்பூரில் வேலை பார்ப்பவர்கள் இதில் சேரவில்லை. ஆகவே பகல் நேரத்து நெரிசலை இந்த எண்ணை வைத்து அளக்க முடியாது.

இன்னொரு எண்ணும் முக்கியம். கணக்கெடுப்புக்கு முன் 2020க்கான மதிப்பீடு 3 கோடியே 27 லட்சமாக இருந்தது. எண்ணிப் பார்த்தபோது சுமார் 3 லட்சம் குறைந்தது. அத்தனை பேர் எங்கே போனார்கள் என்று பலர் குழம்பினார்கள். யாரும் எங்கும் போகவில்லை. இரண்டு கணக்கெடுப்புகளுக்கு இடைப்பட்ட காலத்தில், பழைய எண்ணிக்கையோடு பிறப்பைக் கூட்டி, இறப்பைக் கழித்து, குடிவந்தோர் குடிபெயர்ந்தோர் வித்தியாசத்தைச் சேர்த்து மதிப்பிடுகிறார்கள். பிறப்பும் இறப்பும் பதிவாகிவிடும். குடிபெயர்வை அந்த அளவுக்குத் துல்லியமாகப் பிடிக்க முடியாது. பத்தாண்டுகளில் அந்தப் பிசகு சேர்ந்துகொண்டே போகும். அடுத்த முழுக் கணக்கெடுப்பு வரும்போதுதான் அது திருத்தப்படுகிறது.

விடுபட்டவர்களை எப்படி எண்ணுவது

எண்ணப்படாதவர்களின் எண்ணிக்கையை மட்டும் எப்படிக் கண்டுபிடிப்பது? கணக்கெடுப்பு முடிந்ததும் சில வட்டங்களை மட்டும் தேர்ந்தெடுத்து, வேறு ஆட்களை அனுப்பி, முதல் பட்டியலைப் பார்க்காமல் புதிதாக எண்ணச் செய்வார்கள். ஓர் எடுத்துக்காட்டு:

1. முதல் முறை ஒரு பகுதியில் 90 பேர் பதிவானார்கள்.
2. இரண்டாவது முறை 80 பேர் பதிவானார்கள்.
3. இரண்டு பட்டியலையும் பெயர் பெயராக ஒப்பிட்டால், 72 பேர் இரண்டிலும் இருக்கிறார்கள்.
4. இரண்டாவது முறை அகப்பட்ட 80 பேரில் 72 பேரைத்தான் முதல் முறை பிடித்திருக்கிறது. அதாவது 90 விழுக்காடு.
5. எனவே முதலில் கிடைத்த 90 பேர் என்பது மொத்தத்தில் 90 விழுக்காடு. உண்மை எண்ணிக்கை சுமார் 100. விடுபட்டவர்கள் 10 பேர்.

இரண்டு எண்ணிக்கையும் ஒன்றையொன்று சாராமல் இருந்தால்தான் இந்தக் கணக்கு சரியாக வரும். மேல்மாடி 'ஸ்டோர்' ஆட்கள் இரண்டு முறையும் விடுபட்டால் இந்த வழியாலும் அவர்களைப் பிடிக்க முடியாது.

உங்கள் வீடு எப்படித் தேர்வாகிறது

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். அடுப்புத் தீ பானை முழுக்கச் சீராகப் படும்போது அது பொருந்தும். அடிப்பிடித்த பானையில் மேலாக ஒரு பருக்கை எடுத்துப் பார்த்தால் அடியில் கருகியது தெரியாது. நாடும் அப்படித்தான். மோண்ட் கியாராவின் வசதியான கொண்டோவும் பி.பி.ஆர். மலிவு அடுக்குமாடியும் நிபோங் திபால் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயமும் ஒரே பதத்தில் இல்லை. அதனால் தேர்வு படிப்படியாக நடக்கிறது.

முதலில் நாட்டை மாநிலம், நகரம், கிராமப்புறம் என அடுக்குகளாகப் பிரிக்கிறார்கள். எந்த அடுக்கும் முழுசாக விடுபட்டுவிடக் கூடாது என்பதற்காக. பிறகு ஒவ்வொரு அடுக்கிலும் சில கணக்கெடுப்பு வட்டங்களைக் குலுக்கல் போல எடுக்கிறார்கள். அந்த வட்டங்களுக்குள் சில வசிப்பிடங்களை மட்டும் அதே போல எடுக்கிறார்கள். செந்தூல் வீடு அகப்பட்டு எதிர்வீடு தப்பியது இந்தக் கடைசிப் படியில்தான். யாரும் யாரையும் குறிவைக்கவில்லை.

தேர்வான வீட்டுக்கு ஒரு எடை உண்டு. ஓர் அடுக்கில் 20,000 வீடுகள் இருந்து 200 தேர்வானால், ஒவ்வொரு வீடும் 100 வீடுகளுக்காகப் பேசுகிறது. அதில் பத்து வீடுகள் கதவைத் திறக்கவில்லை என்றால், மீதி 190 வீடுகளும் தலா சுமார் 105 வீடுகளுக்குப் பேச வேண்டியிருக்கும். திறக்காத பத்தும் திறந்த 190ஐப் போலவே இருந்தால் பாதகமில்லை. அந்தப் பத்தும் இரவு ஷிப்ட் தொழிலாளர் வீடுகளாக இருந்தால், அவர்களுடைய வாழ்க்கை எண்ணிலிருந்தே மறைந்துவிடும். மாதிரியைப் பத்து மடங்கு பெரிதாக்கினாலும் இந்தக் குறை தீராது.

இப்போது பிழை வரம்புக்கு வருவோம். நாட்டின் குடிமக்களில் 1,000 பேரைக் குலுக்கலில் எடுத்தால் அதில் ஏறத்தாழ 67 பேர் இந்தியராக இருப்பார்கள். ஆயிரம் பேரின் பதிலில் பிழை வரம்பு சுமார் 3 விழுக்காட்டுப் புள்ளி. ஒரு கேள்விக்குப் பாதிப்பேர் 'ஆம்' என்றால், உண்மை நிலை 47க்கும் 53க்கும் இடையில் இருக்கும் என்று பெரும்பாலும் நம்பலாம். அந்த 67 இந்தியரை மட்டும் தனியாகப் பார்த்தால் பிழை வரம்பு சுமார் 12 புள்ளியாக வீங்கிவிடும். 38 என்றாலும் சரி, 62 என்றாலும் சரி என்ற நிலை. அதோடு, ஒரே வட்டத்தில் பக்கத்துப் பக்கத்து வீடுகள் வாழ்க்கை நிலையில் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். அதனால் நடைமுறையில் துல்லியம் இன்னும் குறையும்.

அரசுத் துறையின் மாதிரிகள் இந்த எடுத்துக்காட்டைவிட மிகப் பெரியவை. ஆனாலும் 'பினாங்கில் தனித்து வாழும் இந்திய மூதாட்டிகள்' என்று இரண்டு மூன்று வடிகட்டி போட்டுப் பார்த்தால் கையில் விரல்விட்டு எண்ணும் அளவே மிஞ்சும். பெரும்பான்மைச் சமூகத்துக்கு மாதிரிக் கணக்கெடுப்பு ஒரு நல்ல கண்ணாடி. நம்மைப் போன்ற சிறிய சமூகத்துக்கு அது கலங்கிய கண்ணாடி. ஒவ்வொரு மாவட்டத்திலும் நாம் எத்தனை பேர், எந்த வயதில் இருக்கிறோம் என்பதைத் தெளிவாகக் காட்டக்கூடியது முழுக் கணக்கெடுப்பு மட்டுமே. அடுத்த முழுக் கணக்கெடுப்பான 2030ஐ நாம் வேறு யாரையும்விடக் கூடுதல் அக்கறையோடு எதிர்கொள்ள வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

6.7 விழுக்காட்டைப் படிக்கும் முறை

2010இல் 7.3, 2020இல் 6.7. 'இந்தியர் குறைந்துவிட்டனர்' என்று தலைப்புகள் வந்தன. மூன்று விஷயங்களைக் கவனித்தால் படம் மாறும்.

1. இது மொத்த மக்கள்தொகையில் பங்கு இல்லை. குடிமக்களில் பங்கு. 2020இல் குடிமக்கள் 2 கோடியே 98 லட்சம், குடியுரிமை இல்லாதவர்கள் 27 லட்சம். பிரிக்பீல்ட்ஸில் முடிவெட்டும் புதுக்கோட்டைத் தம்பி ஆறு மாதத்துக்கு மேல் தங்கியிருந்தால் 3 கோடியே 24 லட்சத்தில் ஒருவர். ஆனால் இந்த 6.7க்குள் அவர் இல்லை.

2. பங்கு குறைந்தது, ஆட்கள் குறையவில்லை. 2010இல் குடிமக்கள் 2 கோடியே 60 லட்சம் பேரில் 7.3 விழுக்காடு என்றால் சுமார் 19 லட்சம். 2020இல் 6.7 விழுக்காடு என்றால் சுமார் 20 லட்சம். நாம் கூடியிருக்கிறோம், மற்றவர்கள் நம்மைவிட வேகமாகக் கூடியிருக்கிறார்கள். ஒரு தலைமுறை தன்னையே ஈடுசெய்ய ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.1 குழந்தை வேண்டும். மலேசிய இந்தியரிடையே அது அதற்கு வெகு கீழே இருக்கிறது. இந்தப் போக்கு நீடித்தால் பங்கோடு எண்ணிக்கையும் ஒரு நாள் இறங்கத் தொடங்கும்.

3. 'இந்தியர்' என்ற தலைப்பே காலத்தோடு மாறி வந்தது. 1871இல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களில் முதல் முறையான கணக்கெடுப்பு நடந்தது. அந்தத் தொடக்கக் காலத்தில் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் ஒரே இனமாக இல்லாமல் தனித்தனிப் பெயர்களில் பட்டியலில் இருந்தனர். 1891இல் 'தமிழரும் இந்தியாவின் பிற மக்களும்' என்ற தலைப்பு வந்தது. பிறகுதான் அனைவரும் 'இந்தியர்' என்ற ஒரே குடையின் கீழ் வந்தார்கள். ஆகவே பழைய கணக்கோடு புதிய கணக்கை ஒப்பிடும்போது, தலைப்புக்குள் யார் யார் அடக்கம் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

கணக்கெடுப்பின் வேலையில் சேராதவை

நாடாளுமன்றத் தொகுதி எல்லையை இது தீர்மானிப்பதில்லை. மலேசியாவில் தேர்தல் ஆணையம் வாக்காளர் எண்ணிக்கையை வைத்தே தொகுதிகளை மறுவரையறை செய்கிறது. ஒரு சீரமைப்புக்கும் அடுத்ததற்கும் குறைந்தது எட்டாண்டு இடைவெளி வேண்டும். இந்தியாவில் மக்கள்தொகைதான் தொகுதி மறுவரைக்கு அடிப்படை. தமிழகச் செய்திகளில் கேட்கும் அந்த விவாதத்தை அப்படியே இங்கே பொருத்திப் பார்ப்பதால் வரும் குழப்பம் இது.

'பாடு' வேறு. 2024 ஜனவரி 2இல் தொடங்கிய அந்தத் தரவுத்தளம், உதவித்தொகை யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்று பார்ப்பதற்காகத் தனிமனித விவரங்களை வைத்திருப்பது. அதை உருவாக்கியதிலும் புள்ளிவிவரத் துறைக்குப் பங்கு இருந்ததால் இரண்டும் ஒன்றோடொன்று குழம்பிப்போயின. கணக்கெடுப்பில் நீங்கள் சொல்வது கூட்டுத்தொகையாக மட்டுமே வெளியே வரும். தனியொருவரின் பதிலை வெளியிடுவது சட்டப்படி குற்றம்.

வருபவர் உண்மையான அதிகாரியா என்ற சந்தேகம் நியாயமானதே. அடையாள அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். பெயரைக் குறித்துக்கொண்டு மாநிலப் புள்ளிவிவர அலுவலகத்துக்கு அழைத்து உறுதி செய்யுங்கள். வங்கிக் கணக்கின் கடவுச்சொல், பணப் பரிமாற்றத்துக்குக் கைப்பேசியில் வரும் டேக் எண், பணம் என்று எதையாவது கேட்டால் அவர் அதிகாரியே இல்லை.

அடுத்த முறை

எண்ணும் முறையே உலகில் மாறி வருகிறது. சிங்கப்பூர் 2000 முதல் வீடு வீடாக எல்லாரையும் எண்ணுவதில்லை. அரசுப் பதிவேடுகளிலிருந்து அடிப்படை எண்ணிக்கையை எடுத்துக்கொள்கிறார்கள். வீட்டில் என்ன மொழி பேசுகிறார்கள் என்பது போன்ற கேள்விகளை மாதிரி வீடுகளிடம் மட்டும் கேட்கிறார்கள். 2020இல் அப்படிக் கேட்டது சுமார் 1,50,000 வீடுகளை. செலவு குறையும், வேகம் கூடும். ஆனால் பதிவேட்டில் பழைய முகவரியிலேயே இருப்பவரை அது பழைய இடத்திலேயே எண்ணும். தோட்டத்தை விட்டு வெளியேறி இருபது ஆண்டுகள் ஆகியும் அடையாள அட்டையில் தோட்டத்து முகவரியோடு இருப்பவர்கள் நம்மிடையே உண்டு. பதிவேட்டை நம்பி எண்ணினால் நகரத்தில் நாம் குறைவாகவும், ஆளில்லாத லயங்களில் கூடுதலாகவும் தெரிவோம்.

வீடு வீடாகவே போனாலும் முகவரிப் பட்டியல்தான் அடித்தளம். மாதிரி வீடுகளைத் தேர்ந்தெடுப்பதும் அதே பட்டியலிலிருந்துதான். இடையில் புதிய வீடமைப்புகள் சேர்க்கப்படும். ஆனால் பழைய கடைவீட்டு மேல்மாடியை யாரும் புதிதாகக் கண்டுபிடிக்கப் போவதில்லை. ஒருமுறை 'ஸ்டோர்' என்று பதிவான இடம், அடுத்து வரும் வேலைக் கணக்கெடுப்பிலும் வருமானக் கணக்கெடுப்பிலும் குலுக்கலுக்கே வராது. 2030க்கு முன் வட்டங்களைப் புதுப்பிக்க ஒருவர் அந்த வரிசைக்கு வந்து, கீழ்க்கடைக்காரரிடம் மேலே எத்தனை வாசல், யாராவது தங்கியிருக்கிறார்களா என்று கேட்பார். கடைக்காரர் அவரை அந்த மரப்படி வரை கூட்டிப்போய்க் காட்டினால் போதும்.